கினபாலு இரண்டு நாள் மலையேற்ற பேக்கேஜ்: உச்சியைவிட இறக்கத்துக்குத் தயாராகுங்கள்

மலேசியாவின் சபா மாநிலத்திலுள்ள கினபாலு மலைக்கு நினைத்த நேரத்தில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட முடியாது. மேலே பனாலாபானில் இரவு தங்க ஒரு படுக்கை, கினபாலு பூங்காவின் ஏறும் அனுமதி, காப்பீடு, உரிமம் பெற்ற வழிகாட்டி ஆகிய நான்கும் இல்லாதவரை மலைப்பாதை தொடங்கும் திம்போஹோன் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள். அதனால் எல்லோரும் கடைசியில் வாங்குவது ஒன்றைத்தான்: இரண்டு பகல், ஓர் இரவு பேக்கேஜ். விற்கும் முகவர் யாராக இருந்தாலும் மலைமேல் பாதை அதேதான், நேர அட்டவணை அதேதான், தங்குவதும் பனாலாபானில் இருக்கும் சில விடுதிகளில் ஒன்றில்தான். இந்த மதிப்பீடு முகவர்களைப் பற்றியதல்ல, அந்தப் பேக்கேஜைப் பற்றியது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பனிக்கோடரி, கயிறேற்றப் பயிற்சி எதுவும் இல்லாத ஒருவரை 4,095 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாகத் திருப்பி அனுப்பும் ஏற்பாடு என்ற அளவில் இது கொடுக்கிற காசுக்குத் தகும். வழிகாட்டிகளும் பாதைப் பராமரிப்பும் முதல் தரம். ஆனால் அட்டவணை உடம்பின்மேல் இரக்கமே இல்லாதது. கடல்மட்டத்திலிருந்து வந்தவரை ஒரே பகலில் 3,272 மீட்டரில் படுக்க வைத்து, நள்ளிரவு தாண்டியதும் எழுப்பி உச்சிக்கு அனுப்பி, அன்றைக்கே 2,200 மீட்டருக்கு மேல் கீழே இறக்கிவிடுகிறது. பேக்கேஜ் விளம்பரங்கள் சூரிய உதயத்தைப் படம் போட்டுக் காட்டுகின்றன. ஆட்களை உண்மையில் உடைப்பது இறக்கம்.

விலையைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மொத்தத் தொகையில் பெரிய பங்கு மேலே கிடைக்கும் படுக்கைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. அனுமதிக் கட்டணம், காப்பீடு, வழிகாட்டி கட்டணம், பூங்கா நுழைவுக் கட்டணம், பூங்காத் தலைமையகத்திலிருந்து திம்போஹோன் வாசல் வரையிலான வேன் ஆகியவற்றைச் சிலர் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் ‘அங்கே கட்டிக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடுவார்கள். மலேசியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு அதைவிட மிக அதிகம். ஒரு வழிகாட்டி ஐந்து பேர் வரை அழைத்துப் போகலாம், கட்டணமும் குழுவுக்குத்தான். தனியாகப் போகிறவர் முழுத் தொகையையும் ஒருவராகச் சுமக்க வேண்டியிருப்பதால், நடை வேகம் ஒத்துவரும் மூன்று நான்கு பேராகச் சேர்வது மலிவு. வேகம் ஒத்துவராத ஐந்து பேரைச் சேர்ப்பது மட்டும் வேண்டாம். குழுவில் மெதுவானவர் கூடவே வழிகாட்டி நிற்க நேரிடும், முன்னால் போனவர்கள் குளிரில் நின்று காத்திருப்பார்கள்.

படுக்கைகளின் எண்ணிக்கையே ஒரு நாளில் ஏறுவோரின் எண்ணிக்கை, அது இருநூறுக்கும் குறைவு. மழை குறைவாக இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களும் பள்ளி விடுமுறை நாள்களும் பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். அக்டோபரிலிருந்து ஜனவரி வரை இடம் எளிதாகக் கிடைக்கிறது என்றால் அது மழைக்காலம் என்பதால்தான். மழையிலும் காற்றிலும் உச்சிப் பாதையை மூடிவிட்டால் பெரும்பாலான பேக்கேஜ்களில் பணம் திரும்பாது. அந்த நிபந்தனையை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சைவச் சாப்பாடு வேண்டும் என்பதையும் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். வழியில் கொடுக்கும் பொட்டலத்தில் வழக்கமாகக் கோழியும் முட்டையும் இருக்கும், அதைக் காலை எட்டு மணிக்குத் தலைமையகத்தில் மாற்றிக் கேட்டு வாங்குவது பெரும்பாடு.

பேக்கேஜில் இல்லாத ஓர் இரவை நீங்களே சேர்த்துக்கொள்வதுதான் இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிக நல்ல செலவு. கோத்தா கினபாலு கடலோர நகரம். அங்கிருந்து பூங்காத் தலைமையகம் ஏறக்குறைய 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரப் பயணம். விடியற்காலையில் அங்கிருந்து கிளம்பி நேராக மலையேறுகிறவர், தூக்கமும் இல்லாமல் உயரத்துக்கும் பழகாமல் நடக்கத் தொடங்குகிறார். தலைமையகம் 1,563 மீட்டரில் இருக்கிறது. முந்தின இரவை அங்கேயோ பக்கத்துக் குண்டாசாங்கிலோ கழித்தால் காலையில் ஆறரைக்கே பதிவு மேசையில் நிற்கலாம். மேலே போகப் போக அந்த இரவின் அருமை தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஓர் அளவு: தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். இங்கே படுக்கும் இடமே அதைவிட 600 மீட்டருக்கு மேல் உயரம். வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்களுக்குப் படிகள் புதிதாக இராது, காற்றின் அடர்த்திதான் புதிது.

முதல் நாள் பாதை திம்போஹோன் வாசலில் 1,866 மீட்டரில் தொடங்குகிறது. காலை 10:30க்குப் பிறகு அங்கே உள்ளே விடுவதில்லை. ஆனால் அந்தக் கெடுவை நம்பி நேரம் கடத்த வேண்டாம். மதியத்துக்கு மேல் மழை பிடிப்பது இங்கே வாடிக்கை, எட்டு எட்டரைக்குள் நடக்கத் தொடங்கினால் பாதி ஏற்றம் காய்ந்த தரையில் முடியும். வாசலைத் தாண்டியதும் பாதை முதலில் கார்சன் அருவி வரை கீழே இறங்குகிறது. அந்தப் படிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் கால் மரத்துப்போன நேரத்தில், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் இடத்தில், அவற்றைத் திரும்ப ஏற வேண்டும்.

பனாலாபான் வரை 6 கிலோமீட்டர், 1,400 மீட்டர் ஏற்றம். தூரம் அற்பமாகத் தெரியும், சாய்வுதான் ஆளை அசத்தும். அரை கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தால் கணக்கு சரியாக வரும். நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்வது நல்ல வேகம், ஆறு மணி நேரமும் பிழையில்லை. வழியில் ‘பொண்டோக்’ எனப்படும் ஓய்வுக் கூரைகள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கழிப்பறையும் தண்ணீர்த் தொட்டியும் உண்டு. தொட்டியில் இருப்பது சுத்திகரிக்காத மலைநீர், மாத்திரையோ வடிகட்டியோ இல்லாமல் குடிக்க வேண்டாம். வாசலில் ஒன்றரை லிட்டருடன் கிளம்பி, இடையில் நிரப்பிக்கொள்வது போதுமானது. மூன்று லிட்டர் தண்ணீரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் இரண்டாவது பொண்டோக்கிலேயே பாதியைக் கொட்டுவதைப் பார்க்கலாம். பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள். அணில்கள் மனிதருக்குப் பழகியவை, மேசைமேல் ஏறி ரொட்டியை இழுத்துக்கொண்டு போய்விடும்.

நான்காவது கிலோமீட்டரில், சுமார் 2,700 மீட்டரில் இருக்கும் லாயாங்-லாயாங் கூரையைத் தாண்டியதும் மலை மாறிவிடுகிறது. மண் மஞ்சளும் காவியுமாகிறது, மரங்கள் ஆளுயரத்துக்குக் குறுகி முறுக்கிக்கொள்கின்றன, படிகளுக்குப் பதில் பாறைக் குவியல் வருகிறது. மூச்சு முதன்முதலாகப் போதாமல் போவதும் இங்கேதான். கீழே வந்த அதே வேகத்தில் ஏற முயல்கிறவர்கள் இந்த இடத்தில் தங்கள் பலத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் எதுவோ அதுதான் உங்கள் வேகம். பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். நின்று நின்று போவதைவிட, நிற்காமல் மிக மெதுவாகப் போவது உடம்புக்கு நல்லது. நின்றால் வியர்வை குளிர்ந்துவிடும்.

பனாலாபானிலுள்ள லாபான் ராத்தா விடுதியில் மாலைச் சாப்பாடு நன்றாகவே இருக்கிறது. சோறு, சூப், காய்கறி எல்லாம் உண்டு. ஒவ்வொரு அரிசி மூட்டையும் சுமைக்காரர் முதுகில் ஏறி வந்தது என்பதை வழியிலேயே கண்ணால் பார்த்திருப்பீர்கள், ஆகவே தட்டில் மீதம் வைக்காமல் சாப்பிடுங்கள். அறைகள் அடுக்குக் கட்டில் போட்ட பொது அறைகள். வெந்நீர் கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. ஈரத் துவாலையால் உடம்பைத் துடைத்துக்கொண்டு, காய்ந்த உடைக்கு மாறி ஏழு மணிக்குள் படுத்துவிடுவது நல்லது. தூக்கம் சரியாக வராது. புதிய உயரத்தில் முதல் இரவு விட்டு விட்டுத் தூங்குவது இயல்பு, அதற்காகத் தூக்க மாத்திரையோ மதுவோ வேண்டாம். இரண்டும் மூச்சை மந்தமாக்கும்.

இரண்டு மணிக்கு எழுப்பிச் சிற்றுண்டி தருகிறார்கள். இரண்டரைக்கு இருட்டில் நடை தொடங்குகிறது. உச்சிக்கு 2.7 கிலோமீட்டர், 823 மீட்டர் ஏற்றம். முதலில் மரப்படிகள், பிறகு கயிறு கட்டிய செங்குத்துப் பாறை, அதன்பின் சயாட்-சயாட் சாவடி. 3,668 மீட்டரில் இருக்கும் இந்தச் சாவடியை 5 மணிக்குள் அடைந்தாக வேண்டும். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொள்வார்கள். நேரம் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கெஞ்சிப் பயனில்லை, கெஞ்சவும் கூடாது. அந்தக் கெடுவைத் தாண்டி ஏறுகிறவர் காலை பத்தரைக்குள் அறையைக் காலி செய்ய முடியாது, மதிய மழையில் இறங்க நேரிடும், தன்னோடு வழிகாட்டியையும் இருட்டுக்குள் இழுத்துவிடுவார். இந்தப் பேக்கேஜில் மிக நேர்மையான அம்சம் இந்தக் கெடுதான்.

சாவடிக்கு மேலே மொத்தமும் வெறும் கருங்கல். சரிந்து கிடக்கும் அந்தப் பெரும் பாறைத் தளத்தில் வெள்ளைக் கயிறு ஒன்று நெடுக ஓடுகிறது. வெளிச்சமில்லாத நேரத்தில் அதுவே பாதை. மூடுபனி இறங்கினால் கயிற்றைக் கையிலிருந்து விடாதீர்கள், பத்தடி விலகினாலும் திசை தெரியாது. 4,000 மீட்டருக்கு மேல் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். பத்து அடி நடந்து நாலு மூச்சு விடும் தாளத்தைப் பிடித்துக்கொண்டால் மலையின் உச்சியான லோஸ் சிகரம் வந்துவிடும். கடைசிச் சில மீட்டர் பாறைக் குவியலில் கையூன்றி ஏறுவது. உச்சியில் இடம் மிகக் குறைவு, காற்றோ அறைகிறது. நான்கரைக்கே போய்ச் சேர்ந்து ஒரு மணி நேரம் நடுங்கிக்கொண்டு உட்காருவதைவிட, விடியல் வெளுக்கும் ஐந்தரை மணிவாக்கில் சேருவதுபோல் நடையை அளந்துகொள்ளச் சொல்லி வழிகாட்டியிடம் கேளுங்கள். அவர்களுக்கு அந்தக் கணக்கு விரல் நுனியில்.

‘மலிம் குனோங்’ எனப்படும் இந்த வழிகாட்டிகள் பெரும்பாலும் மலையடிவார ஊர்களின் டூசுன் பழங்குடி மக்கள். மலை அவர்களுக்குப் புனிதமானது, மேலே கூச்சலிடுவதும் விளையாட்டுத்தனமும் அவர்களைப் புண்படுத்தும். 2015 ஜூன் 5 அன்று 6.0 அளவில் நிலம் நடுங்கி 18 பேர் இறந்தபோது, அதில் வழிகாட்டிகளும் இருந்தார்கள். மேலே சிக்கிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பாறை விழுந்துகொண்டிருந்த பாதையில் இறக்கிக் கொண்டுவந்தவர்களும் இவர்கள்தான். சிதைந்த பகுதிக்குப் பதிலாகப் புதுப் பாதை அமைத்து அதே ஆண்டு டிசம்பரில் உச்சியைத் திறந்தார்கள். ‘திரும்பலாம்’ என்று வழிகாட்டி சொன்னால் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் கட்டணம் கட்டியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உயர நோயைப் பற்றிப் பேக்கேஜ் விளக்கங்கள் போதுமான அளவு பேசுவதில்லை. 3,000 மீட்டருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதிருப்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்த அட்டவணை அந்த விதிக்குள் அடங்காது. தலைவலி, குமட்டல், சோற்றைப் பார்த்தாலே வெறுப்பு ஆகியவை பலருக்கும் வரும். லேசாக இருந்தால் ஓய்வும் தண்ணீரும் ஒரு பாராசிட்டமாலும் போதும், ஆனால் குறையாமல் மேலே ஏறக் கூடாது. நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அந்த நிமிடமே இறங்க வேண்டும், விடியும்வரை காத்திருப்பது ஆபத்து. முன்தடுப்பாக அசிட்டசோலமைடு 125 மில்லிகிராம், நாளுக்கு இருவேளை, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும், மற்றவர்களும் கேட்பதே முறை. விரல் நுனி மதமதப்பதும் அடிக்கடி சிறுநீர் வருவதும் மருந்தின் வேலை, பயப்பட வேண்டாம்.

இனி இறக்கம். உச்சியிலிருந்து வாசல் வரை 2,229 மீட்டர், ஒரே நாளில். படிகளின் உயரம் ஒன்றுபோல் இருக்காது. சில இடங்களில் முழங்கால் அளவுக்கு இறங்க வேண்டியிருக்கும். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே சுமையைத் தாங்குகிறது. ஏற்றத்தைவிடத் தசையைக் கிழிப்பது இந்த வேலைதான். நான்காவது கிலோமீட்டர் பலகைக்குக் கீழே பலருக்கும் கால் தானாக நடுங்கத் தொடங்கும், அந்த நேரத்தில்தான் கணுக்கால் பிசகுகிறது. நடைக்கோல் இரண்டு இருந்தால் முழங்காலுக்குப் பெரிய உதவி, ஆனால் பனாலாபானுக்குக் கீழே மட்டும். கயிற்றுப் பகுதியில் கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும், கோலைப் பையில் மடக்கிக் கட்டிவிடுங்கள். குதித்து இறங்காமல், பக்கவாட்டில் திரும்பி, முன்கால் முழுதாக ஊன்றிய பிறகு எடையை மாற்றுங்கள். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கால் நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறங்கும் முன் கணுக்காலருகே நாடாவை இறுக்கி முடிந்து, குதிகால் பின்னால் பதிந்து நிற்கும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் பெருவிரல் ஆயிரக்கணக்கான முறை காலணியின் முனையில் இடித்து, நகம் கறுத்து விழும்.

ஆனால் பயிற்சியில் பெரும்பாலானோர் இந்த இறக்கப் பாதியைத் தவறவிடுகிறார்கள். சிங்கப்பூர் அடுக்குமாடியில் படியேறிவிட்டு மின்தூக்கியில் இறங்குவது, ஜிம்மில் படி இயந்திரத்தில் மணிக்கணக்கில் ஏறுவது, இவை மூச்சைப் பழக்கும். இறங்கும் தசையைப் பழக்காது. ஏறிய ஒவ்வொரு மாடியையும் நடந்தே இறங்குங்கள். பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு முறை, ஐந்து கிலோ பையுடன், நாற்பது நிமிடத்தில் தொடங்கி ஒன்றரை மணி நேரம் வரை. மலேசியாவில் இருப்பவர்களுக்குக் குனோங் நுவாங் இருக்கிறது. 1,493 மீட்டர் உயரமுள்ள அதைப் பங்சுன் வழியாக ஒரே நாளில் ஏறி இறங்கி, மறுநாள் மாடிப்படியில் கைப்பிடி பிடிக்காமல் இறங்க முடிகிறவர் கினபாலுவுக்குத் தயார். பத்துமலையின் 272 படிகளை ஒரு காலையில் பலமுறை ஏறி இறங்குவதும் நல்ல பயிற்சிதான், வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும். கடைசிக் கடும் பயிற்சிக்கும் மலைக்கும் இடையே பத்து நாள் ஓய்வு விடுங்கள்.

காலணிக்குப் பெரிய தொகை செலவழிக்கத் தேவையில்லை. வழிகாட்டிகளும் சுமைக்காரர்களும் போட்டிருப்பதைப் பாருங்கள்: ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லமாக அழைக்கப்படும் கறுப்பு ரப்பர் காலணி. சபாவின் சாதாரணக் கடைகளில் மிக மலிவாகக் கிடைக்கிறது. அடியில் சிறு ரப்பர் முளைகள், ஈரக் கருங்கல்லில் பல்லி போலப் பிடிக்கும், நனைந்தாலும் தண்ணீரைக் குடிக்காது. குறை என்னவென்றால் உள்ளே மெத்தையே கிடையாது. பழகாத பாதத்துக்கு ஆறு கிலோமீட்டர் இறக்கத்தில் வலிக்கும். தடித்த காலுறையும் உள்தாளும் போட்டு முன்பே பழகியவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்கலாம். மற்றவர்களுக்கு மென்மையான ரப்பர் அடியுள்ள மலையேற்றக் காலணி, வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக.

கையுறையில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கம்பளிக் கையுறை ஈரக் கயிற்றில் வழுக்கும், நனைந்தால் விரலை உறைய வைக்கும். உள்ளங்கையில் ரப்பர் பூசிய தோட்ட வேலைக் கையுறையை வாங்கி, உள்ளே மெல்லிய ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். தலைவிளக்கு 200 லூமென் போதும், மின்கலம் புதிதாக இருக்கட்டும், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். பருத்தி உடை ஒன்றுகூட வேண்டாம். உச்சியில் வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இறங்கும், காற்று சேர்ந்தால் அதைவிடக் கடுமை. மெல்லிய உள்ளுடை, கம்பளிச் சட்டை, அதன்மேல் மழையும் காற்றும் புகாத மேலங்கி என்று மூன்று அடுக்கு. மொத்தப் பை ஐந்து கிலோவுக்குள். மீறினால் கிலோ கணக்கில் சுமைக்காரரிடம் கொடுக்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது அவர்களுடைய வருமானம்.

இரும்புக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு பாறை முகத்தில் இறங்கும் வியா ஃபெராட்டாவைச் சேர்த்து வாங்கச் சொல்லி முகவர்கள் வற்புறுத்துவார்கள். அருமையான அனுபவம்தான். ஆனால் நீண்ட சுற்றை எடுத்தால் பல மணி நேரம் கூடுதலாகச் செலவாகி, அதே களைத்த காலோடு ஆறு கிலோமீட்டர் இறக்கம் பாக்கி நிற்கும். முதன்முறை வருகிறவர்கள் குறுகிய சுற்றோடு நிறுத்திக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம்.

இதய நோய், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும், முழங்காலில் பழைய காயம் இருப்பவர்களும் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் பதிவு செய்ய வேண்டாம். மேலே காலை உடைத்துக்கொண்டால் கட்டிலில் படுக்கவைத்து மனிதர்களே சுமந்து இறக்க வேண்டும். கட்டணத்தோடு வரும் காப்பீடு அடிப்படையானது, மீட்புச் செலவு எவ்வளவு வரை அதில் அடங்கும் என்று கேட்டுவிட்டு, போதாவிட்டால் தனியாக ஒன்று எடுங்கள். திரும்பும் விமானத்தை அன்று மாலைக்குப் போடாதீர்கள். வாசலை அடையவே நான்கு மணி ஆகிவிடலாம், அதன்பின் நகருக்கு இரண்டு மணி நேரம். இன்னோர் இரவு குண்டாசாங்கில் தங்கி, மறுநாள் போரிங் வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டுக் கிளம்புவதுபோல் திட்டமிடுங்கள். அந்த இரவுக்குப் படிக்கட்டு இல்லாத அறையாகக் கேட்டு வாங்கினால் இன்னும் நல்லது.